சின்னத்துக்குப் பின்னால் வைத்த மஞ்சள்

எங்கள் வீட்டில் புதுத்துணி என்றால் மஞ்சள் வைக்காமல் யாரும் உடுத்துவதில்லை. ஈர விரலால் மஞ்சள்பொடியைத் தொட்டு, சேலை என்றால் முந்தி மூலையில், சட்டை என்றால் காலருக்கு உள்பக்கம், வெளியே தெரியாமல் ஒரு பொட்டு. என் கணவர் லாரிக்குப் போட்டுப் போகும் காக்கிச் சட்டைக்கும் வைத்திருக்கிறேன். வேண்டுதல் ஒன்றும் கிடையாது. வைக்காமல் விட்டால் அன்றைக்கு முழுக்க மனசு என்னவோ போலிருக்கும், அவ்வளவுதான்.

என் மகளுடைய இந்திய அணிச் சட்டைக்கும் அப்படித்தான் வைத்தேன்.

அவள் பள்ளிக்கூடத்து மணலில் கபடி ஆட ஆரம்பித்தவள். மாவட்டம், மாநிலம் என்று ஏறி, இளம் பெண்களுக்கான இந்திய அணியின் முகாமுக்கு வடக்கே கூப்பிட்டார்கள். வெளிநாட்டுப் போட்டிக்குப் போகிறவர்களில் அவளும் ஒருத்தி என்று சொல்லிவிட்டார்கள். அங்கே ஒருமுறை ஆடிவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை நிச்சயம் என்று அவளுடைய கோச் சொல்லியிருந்தார். நானும் என் கணவரும் அதைப் பற்றி வீட்டில் பேசிக்கொள்ளவே மாட்டோம். பேசினால் கலைந்துவிடும் என்று இருவருக்குமே பயம்.

நான் முத்தையாபுரத்தில் பஸ் ஏறி, உப்புப் பாக்கெட் போடும் கொட்டகைக்கு வேலைக்குப் போகிறவள். பத்தாவது வரை படித்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு வராது. எங்கள் கொட்டகைக்குப் பாதை பிரியும் விலக்கில், யாராவது சத்தம் கொடுத்தால்தான் பஸ் நிற்கும். வேறு யாரும் இறங்காத நாளில் நான் பேசாமல் அடுத்த நிறுத்தம் வரை போய், வெயிலில் திரும்பி நடந்து வருவேன். மகள் லீவில் கூட வருகிற நாட்களில் மட்டும் அந்தக் கவலை இல்லை. பாதி வழியிலேயே, "அண்ணாச்சி, விலக்குல இறக்கம்" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி குரல் கொடுப்பாள்.

முதல் முகாம் முடிந்து சில நாள் விடுப்பில் வந்தபோது அந்தச் சட்டையைக் கொண்டுவந்தாள். வழுவழுவென்று மெல்லிய வெள்ளைத் துணி. இரண்டாவது முகாமில் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு அணியை அறிமுகம் செய்யும்போது அதைப் போட்டு வரச் சொல்லியிருந்தார்கள். நெஞ்சில் இடப்பக்கம் புதுச் சின்னம். முன்பெல்லாம் அந்த இடத்தில் மூவர்ணப் பட்டையும் நடுவில் நீலச் சக்கரமும் இருந்தன. இப்போது தூரிகையால் இழுத்தது போல மூன்று நிறத்தில் ஓர் அலை. சக்கரம் இருந்த இடம் வெறும் வெள்ளையாக விடப்பட்டிருந்தது.

அந்த வெள்ளைக்காகத்தான் டிவியில் தினமும் சண்டை. சக்கரத்தை எடுத்தது கொடியை அவமதித்தது போல என்றார்கள் ஒரு பக்கம். வியர்வைச் சட்டையில் கொடியையே அச்சடிப்பதுதான் தப்பு, அதனால் இதுவே மரியாதை என்றார்கள் இன்னொரு பக்கம். கொட்டகையில் சாப்பாட்டு நேரத்தில் இதை செல்போனில் வைத்துக்கொண்டு பெண்கள் இரண்டு கட்சியாகப் பேசுவார்கள். எனக்குப் பக்கத்தில் பாக்கெட் ஒட்டும் மதினிக்கு எந்தக் கட்சியும் இல்லை. "காலைப் புடிச்சு இழுக்கவ சக்கரத்தைப் பாத்துட்டா இழுக்கா? முதல்ல அந்தப் பிள்ளைகளுக்கு முட்டை போடச் சொல்லுங்களா" என்பாள்.

என் மகளுக்குச் சக்கரம்தான் பிடிக்கும். ஒன்றாம் வகுப்பிலிருந்து கொடி வரையும்போதெல்லாம் தட்டுத்தடுமாறி அதைத்தான் போட்டிருக்கிறேன் என்று சொன்னாள். சொல்லிவிட்டுச் சட்டையை மடித்து என்னிடம் நீட்டினாள். காலர் ஒடுக்கமாக இருந்தது, பட்டையெல்லாம் எழுத்து. எங்கே வைப்பது என்று பார்த்துவிட்டு, சட்டையைப் புரட்டி, சின்னத்துக்கு நேர் பின்னால் உள்பக்கம் வைத்தேன். நெஞ்சை ஒட்டி இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"இதுக்குமாம்மா?" என்று சிரித்தாள்.

"புதுசுன்னா புதுசுதானளா."

அறிமுக நாளில் காமிராக்கள் முன்னால் அவர்களை ஓர் ஆட்டம் ஆடவிட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு நிருபர் சின்னத்தைப் பற்றிக் கேட்க, இவள் எங்களிடம் சொன்னதையே சொல்லியிருக்கிறாள், எனக்குச் சக்கரம் பிடிக்கும் என்று. ஆட்டத்தில் வியர்த்துக் கொட்டியதும் உள்ளே வைத்த மஞ்சள் ஊறி, மெல்லிய துணி வழியாக முன்பக்கம் வந்துவிட்டது. அந்த வெறும் வெள்ளையில் மஞ்சளாக ஒரு திட்டு. பதறிப்போய் குளியலறைக்கு ஓடி சோப்பைப் போட்டுத் தேய்த்திருக்கிறாள். மஞ்சளில் சோப்பு பட்டால் என்ன ஆகும் என்பது துணி துவைக்கிற எல்லோருக்கும் தெரியும், சிவந்துவிடும். அலசுவதற்குள் படம் எடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். ஈரச் சட்டையோடு போய் வரிசையில் நின்றிருக்கிறாள்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். எனக்கு முதலில் தெரிந்தது மதினியின் செல்போனில் பார்த்த படம். என் மகளின் நெஞ்சில், புதுச் சின்னத்தின் மேல், ரத்தம் போல ஒரு பூச்சு. "ஏளா, உன் மவ டிவியில வாரா" என்று சிரித்துக்கொண்டே போனை நீட்டிய மதினி, கீழே ஓடிய எழுத்தைப் படித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். சின்னத்தை அழித்த வீராங்கனை என்று போட்டிருந்தார்கள்.

சாயங்காலத்துக்குள் ஆளுக்கொன்று சொன்னார்கள். நாட்டைக் கேவலப்படுத்திவிட்டாள் என்றார்கள். தைரியமான பெண், சக்கரத்துக்காக ரத்தப் பொட்டு வைத்திருக்கிறாள் என்றார்கள். அவளைத் திட்டியவர்கள் எழுதியதை என்னால் வாசிக்க முடியவில்லை. பாராட்டியவர்கள் எழுதியதைப் பார்த்தால் இன்னும் பயமாக இருந்தது, ஏனென்றால் அதைக் காட்டித்தான் கபடிச் சங்கத்தார் அவளை விசாரித்தார்கள்.

போனில் கம்மிய குரலில் நடந்ததையெல்லாம் சொன்னாள். யார் சொல்லிக்கொடுத்து இப்படிச் செய்தாய் என்று மேனேஜர் திரும்பத் திரும்பக் கேட்கிறாராம். தெரியாமல் பட்ட கறை என்று மட்டும் சொன்னாளாம். அவர்கள் நம்பவில்லை.

"மஞ்சள்னு சொன்னா என்னளா? எங்க அம்மா வச்சதுன்னு சொல்லு."

"சொன்னா வீட்டுக்கு வந்துருவாங்கம்மா. உன் மூஞ்சிக்கு நேரா மைக்கை நீட்டுவாங்க. நீ பஸ்ஸுல இறக்கமே சொல்ல மாட்ட."

   பின்னால் யாரோ இந்தியில் அவளைக் கூப்பிடுவது கேட்டது, வைத்துவிட்டாள்.

என் கணவர் அப்போது உப்பு லோடு ஏற்றிக்கொண்டு ஆந்திரா போயிருந்தார். தான் வருகிற வரை யார் வந்தாலும் கதவைத் திறக்க வேண்டாம் என்று போனில் சொன்னார். அவர் வந்து சேர்வதற்குள் அணியை அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். மகள் முன்பே எழுதிக் கொடுத்திருந்த மேனேஜரின் எண்ணுக்கு நானே கூப்பிட்டேன். இரண்டு முறை எடுத்தார். முதல் முறை எனக்குச் சத்தமே வரவில்லை. இரண்டாவது முறை "சார், மஞ்சள், சார், மஞ்சள்" என்றேன். தமிழ் தெரியாத மனிதர், ராங் நம்பர் என்று வைத்துவிட்டார்.

கடைசியில் மதினிதான் ஒரு டிவி நிருபரை வரவழைத்தாள். பேச வராதென்று நான் அழுதேன். "பேச வேண்டாம்ளா. துவைச்சுக் காட்டு. அது உனக்கு வரும்லா?" என்றாள்.

அப்படியே செய்தேன். வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லில், வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றில் மஞ்சளை வைத்தேன். தண்ணீர் தெளித்தேன், மறுபக்கம் ஊறி வந்தது. சோப்பைத் தேய்த்தேன், சிவந்தது. காமிராவுக்கு நேராக அதைத் தூக்கிப் பிடித்தேன். ஏதாவது சொல்லுங்கம்மா என்றார் அந்தத் தம்பி. "புதுத்துணிக்கு வைப்போம், சார். நான்தான் வச்சேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவள ஆட விடுங்க" என்றேன். என் ஆயுளில் வெளி ஆள் முன்னால் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். அவர் போன பிறகு கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். முடிந்தது, இனி நம்புவார்கள் என்று நினைத்தேன்.

நம்பத்தான் செய்தார்கள். அதுவும் பிரயோசனப்படவில்லை. ராத்திரியே விவாதம் வேறு பக்கம் திரும்பியது. தேசியச் சின்னத்துக்குப் பின்னால் மஞ்சள் வைக்கலாமா, அது எல்லா மதத்துக்கும் பொதுவான சட்டை அல்லவா என்று ஒருவர் கேட்டார். மஞ்சள் நம் பண்பாடு, அதைக் கறை என்று சொன்ன சங்கம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இன்னொருவர் மேசையைத் தட்டினார். என் கையையும் அந்த வேட்டித் துண்டையும் திரை ஓரத்துப் பெட்டிக்குள் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். "அவள ஆட விடுங்க" என்று நான் சொன்னதை மட்டும் வெட்டியிருந்தார்கள். எந்தச் சானலிலும் அது வரவில்லை. நான் விடிய விடிய மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

மறுநாள் சங்கத்தார் அவளைக் கூப்பிட்டு, உன் மேல் தப்பு இல்லை என்று தெரிந்துவிட்டது, ஆனால் நீ போகிற இடமெல்லாம் இந்தப் பேச்சு வரும், மற்றப் பிள்ளைகளின் கவனம் கெடும், உன் நிம்மதிக்காகவும்தான் சொல்கிறோம், இந்த முறை நீ வீட்டுக்குப் போ என்றார்களாம். அடுத்த முறைக்கு அவளுக்கு வயது தாண்டிவிடும். அதையும் அவர்களே சொன்னார்களாம்.

அவள் வந்தபோது அந்தச் சட்டையைச் சுருட்டிப் பையின் அடியில் வைத்திருந்தாள். நான் எடுத்து அலசி, மொட்டைமாடிக் கொடியில் உள்பக்கம் வெளியே தெரியும்படி போட்டேன். மஞ்சள் கறைக்கு வெயிலை விட்டால் மருந்து கிடையாது. எங்கள் ஊர் வெயிலுக்கு ஒரு பகல் போதும். சாயங்காலம் பார்த்தால் ஒரு பொட்டுக்கூட இல்லை, கடையிலிருந்து வந்த மாதிரி வெள்ளை. கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். இவ்வளவுதானே, ஒரு பகல் வெயில்தானே, இதற்கா என்று யாரிடம் போய்க் கேட்பது?

அணி புறப்படும் முன்பே சங்கம் புதுச் சின்னத்தை விலக்கிக்கொண்டது. பழையபடி நீலச் சக்கரத்தோடு சட்டை அடித்துக் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் சிலர் வந்து, உம்ம மகளாலதான் சக்கரம் திரும்பி வந்தது என்று என் கணவரிடம் கைகொடுத்தார்கள். ஒருவர் மிட்டாய் கூடக் கொண்டுவந்தார். என் கணவர் வாங்கி வைத்தார், நாங்கள் யாரும் தொடவில்லை. போட்டி நடந்த நாட்களில் மகள் ஆட்டத்தைப் பார்த்தாள். யாராவது நன்றாக ரெய்டு போனால் அவள் கால் தன்னை அறியாமல் தரையில் தட்டும். பிறகு இரண்டு காலையும் மடித்து உட்கார்ந்துகொள்வாள்.

போன வாரம் அவளும் கொட்டகை வேலைக்கு வருகிறேன் என்றாள். நான் வேண்டாம் என்றேன். அவளுடைய அப்பா, கொஞ்ச நாள் போய் வரட்டும், வீட்டுக்குள்ளேயே கிடந்தால் பிள்ளைக்குக் கிறுக்குப் பிடித்துவிடும் என்றார். வேலைக்குப் போட்டுக்கொள்ளப் புதிதாக ஒரு சுடிதார் எடுத்து வந்தாள். நான் அடுப்படியில் மஞ்சள் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அவள் கவரைக் கிழித்து, அப்படியே உடுத்திக்கொண்டு வந்து, "போலாமா" என்றாள். டப்பாவை மூடினேன்.

பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பாலம் தாண்டியது. உப்பளம் ஆரம்பித்தது. இதோ குரல் கொடுப்பாள், இதோ கொடுப்பாள் என்று அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விலக்கு வந்தது. கொட்டகையின் தகரக் கூரை கூடத் தெரிந்தது. அவள் வெளியே பார்த்தபடியே இருந்தாள். நான் "இறக்கம்" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குக்கூடக் கேட்டிருக்காது. பஸ் தாண்டிப் போய்விட்டது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி இருவரும் திரும்பி நடந்தோம். அவள் எனக்கு முன்னால் போனாள்.