பாட்டு முடியும்வரை

கனடாவின் ஸ்காபரோவில் நான் வேலை செய்த பேக்கரித் தொழிற்சாலையில், எனக்குப் பக்கத்தில் நின்று பாண் ரொட்டியைப் பையில் போட்டவர் ஒரு மெக்சிக்கோப் பெண். குள்ளமானவர்; நரைத்த பின்னலை வலைத்தொப்பிக்குள் சுருட்டி வைத்திருப்பார்.

ரேடியோவில் அவர்களுடைய நாட்டுப்பாடல் ஒன்று அடிக்கடி வரும். ஸ்பானிய மொழிப் பாடகர்கள் பலர் பாடிய பாட்டு. சிலர் துள்ளலாக, சிலர் அழுகையாக. யார் பாடினாலும் அவர் வேலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, முடியும்வரை அசையாமல் நிற்பார்.

“உந்தப் பாட்டு வந்தால் உவவின்ரை வேலையும் என்ரை தலையிலைதான்,” என்று எதிரே நின்ற யாழ்ப்பாணத்து அன்ரி அவரைக் காட்டி முணுமுணுப்பார்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அந்த மெக்சிக்கோப் பெண்ணிடம் காரணம் கேட்டேன். தெரிந்த ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார்.

“எங்கள் ஊரில் அந்தப் பாட்டுக்கு ஒவ்வொரு வீட்டிலும் சொந்தமாக இரண்டு வரி சேர்ப்போம். என் வரிகள் என் மகளுக்கு மட்டும்தான் தெரியும். அமெரிக்க எல்லை கடந்து வேலைக்குப் போனவள். ஒரு தகவலும் இல்லை.”

“அதற்கு ஏன் ரேடியோ?”

“யாராவது அந்த வரிகளைப் பாடினால், அவள் பாடக் கேட்டுத்தானே பாடியிருக்க வேண்டும்?”

அன்ரியிடம் சொன்னேன். போரில் அவருடைய மகனும் காணாமல் போனவர். அடுத்த முறை பாட்டு வந்தபோது, தானாகவே இரண்டு பேரின் பாணையும் பையில் போட்டார்.

பிறகு அந்த வேலையை விட்டுவிட்டேன். இப்போதும் கடையில் அந்தப் பாட்டு வந்தால், சாமான் போட்ட தள்ளுவண்டியோடு முடியும்வரை நிற்கிறேன். எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. அந்த மெக்சிக்கோப் பெண்ணின் வரிகள் எவை என்றும் கேட்டு வைக்கவில்லை.