காலியாகக் கிடந்த தொட்டில்கள்

இலங்கையிலிருந்து வந்த கப்பலை விட்டிறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். முதல் நாளே நான் ஒரு தப்புச் செய்தேன். என் கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டேன். இலங்கைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போகும் எந்தத் தாயும் பிள்ளையை அங்கே விட்டுவிட்டுத்தான் மலையேறுவாள். இங்கே அதற்குக் கிரெச் என்று பேர். யாரையும் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

மத்தியானம் பால் கொடுக்க வந்தால், மகள் வெளித் தாழ்வாரத்தில் சாக்கின்மேல் கிடக்கிறாள். சாரலில் பாதி உடம்பு நனைந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். மூன்று தொட்டில்கள் காலி.

"ஏனுங்க, நீங்க டெம்பரவரின்னு சொல்லவே இல்லீங்களே," என்றாள் ஆயா. "பர்மனென்ட் ஆளுங்க புள்ளைக்குத்தானுங்க தொட்டில். ஆபீஸ்ல பாத்தா என் வேலை போயிருமுங்க."

அவளைத் திட்டி என்ன பயன்? மேஸ்திரியிடம் போய் நின்றேன்.

"நாங்களும் கொழுந்துதானேங்கய்யா எடுக்குறோம்?"

"ஆறு மாசம் போகட்டும்மா. பர்மனென்ட் ஆயிட்டுப் புள்ளைய அங்க உடுங்க."

அந்த ஆறு மாதம் முடியவே முடியாது. முடியப்போகும் நேரம் பார்த்து, சில நாள் வேலை இல்லை என்று வீட்டில் உட்கார வைப்பார்கள். திரும்பக் கூப்பிட்டு, புது ஆள் என்று எழுதுவார்கள். அந்தத் தோட்டத்தில் நான் எத்தனை முறை புது ஆளானேன் என்று எனக்கே ஞாபகமில்லை. கவாத்து வெட்டிய செடி துளிர்த்து, நாலைந்து வருஷம் கழித்து மறுபடி கவாத்துக்கு வந்தபோதும் நான் புது ஆள்தான்.

மகள் நிழல் மரத்தில் கட்டிய சேலைத் தூளியில் வளர்ந்தாள். ஒருநாள் அவள் காதோரம் அட்டை ஏறி, ரத்தம் குடித்துக் கொழுத்திருந்தது. பிடுங்கி எறிந்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை ஆறவில்லை. தராசில் நிறுத்த பிறகு என் கொழுந்தையும் பர்மனென்ட் ஆள் கொழுந்தையும் ஒரே சாக்கில்தானே கொட்டினார்கள்? ஃபேக்டரியில் பிரித்தா அரைத்தார்கள்? பிள்ளையை மட்டும் எதற்குப் பிரித்தார்கள்?

கடைசியில் ஒருவழியாக என்னைப் பர்மனென்ட் ஆக்கினார்கள். கையெழுத்துப் போடப் போனபோது மகளும் கூட வந்தாள், டெம்பரவரியாகப் பேர் கொடுக்க. அவள் இடுப்பில் அவள் பிள்ளை இருந்தது.

திரும்பும் வழியில் அந்தக் கிரெச்சைத் தாண்டினோம். மகள் உள்ளே பார்த்தாள். "அங்க வேணாம்மா," என்றேன். எந்த மரத்தடியில் அட்டை குறைவு என்று நான்தான் அவளுக்குக் காட்டினேன்.