முப்பத்தொன்பதாவது ஓட்டு

எங்கள் பள்ளியில் கணக்கு நடத்தும் அக்காவுக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் ‘புரிஞ்சுதா டீச்சர்’. ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் "புரிஞ்சுதா?" என்பார். "புரிஞ்சுது டீச்சர்" என்று கூரையைப் பிய்த்துக்கொண்டு பதில் வரும். பக்கத்து வகுப்பில் அறிவியல் நடத்தும் எனக்கு அது காதில் விழாத நாளே கிடையாது. தன் வகுப்பில் புரியாத பிள்ளை இல்லை என்பதுதான் இருபத்திரண்டு வருடமாக அக்காவின் பெருமை.

இந்த வருடம் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டேப்லெட் வந்தது. எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி. சார்ஜரை எந்தப் பக்கம் செருக வேண்டும் என்பது வரை அக்கா நோட்டில் எழுதிக்கொண்டார். வகுப்பில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது மட்டும் பிடிபடவில்லை. கடைசியில் தன் பழைய கேள்வியையே அதில் ஏற்றினார். புரிந்ததா? ஆம், இல்லை. யார் எதைத் தொட்டார்கள் என்று காட்டாது. எண்ணிக்கை மட்டும் சுவர்த் திரையில் வரும்.

அன்று பின்னங்களை வகுக்கும் பாடம். பாதி வகுப்பில் அக்கா என் வாசலில் வந்து நின்றார். பேயறைந்த முகம்.

"தம்பி, கொஞ்சம் வாப்பா. மிஷின் என்னமோ கோளாறு பண்ணுது."

போய்ப் பார்த்தேன். ஆம்: 1. இல்லை: 38.

"வாயால கேட்டா எல்லாரும் புரிஞ்சுதுங்கறாங்க. இதுல பாத்தா இப்படி. ரெண்டையும் மாத்திக் காட்டுதோ?"

தட்டிப் பார்த்தேன். கோளாறு எதுவும் தெரியவில்லை. பிள்ளைகள் எல்லோரும் தலையைக் குனிந்திருந்தார்கள்.

"சரி, ஒரு பிள்ளைக்காவது புரிஞ்சிருக்கே" என்றவர் தலைகளை எண்ண ஆரம்பித்தார். இரண்டு தடவை எண்ணினார். "முப்பத்தெட்டுப் பேர்தானே இருக்காங்க. ஓட்டு எப்படி முப்பத்தொன்பது?"

எனக்கும் குழப்பம். "அக்கா, நீங்க எதையாவது அமுக்கினீங்களா?"

"வேலை செய்யுதான்னு பாக்க, என் போன்ல ஒரு தடவை..." அதோடு நிறுத்திக்கொண்டார்.

எனக்குப் பாவமாக இருந்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றை விரலால் அடுத்த கேள்வியைத் தட்டினார். என்ன புரியவில்லை?

பதில்கள் வந்து விழுந்தன. எழுத்துப்பிழைகள் மட்டும்தான் வேறு வேறு, கேள்வி ஒன்றுதான்: வகுக்கச் சொன்னால் ஏன் தலைகீழாப் போட்டுப் பெருக்கணும்?

"அதான் முறை" என்றார் அக்கா. சொல்லிவிட்டு அவரே திரையிலிருந்த கேள்வியை மறுபடி படித்தார். பிறகு என் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டார். "ஏன் தம்பி?"

எனக்கும் அதே முறையில்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அக்கா பழைய எண்ணிக்கையை அழித்துவிட்டு முதல் கேள்வியை மறுபடியும் ஏற்றினார். பிள்ளைகள் தொடும் முன்பே, எல்லோரும் பார்க்கத் தன் போனை எடுத்துத் தொட்டார்.

இல்லை: 1.