நான் சீனி போட்ட துண்டுப்பிரசுரம்

மொழிபெயர்ப்பு வேலைக்கு வரும் இளம் ஆட்களுக்கு உதவும்படி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நான் நன்றாகச் செய்த வேலைகளும் உண்டு. எந்தக் கிழமை எந்தக் குப்பைப் பையை வாசலில் வைக்க வேண்டும் என்று கிழக்கு லண்டன் தமிழர்களுக்கு அறிவித்தவன் நான்தான். ஆனால் குப்பைப் பையிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. ஆகவே நான் கெடுத்த ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

முன்கூட்டியே ஒரு மன்னிப்பு. இதில் வரும் தமிழரல்லாதவர்கள் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். என் நினைவில் அவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறார்கள்.

1. கையெழுத்துக்குக் கிடைத்த வேலை

எண்பதுகளின் நடுவில் லண்டனில் தமிழ் டைப்செட்டிங் எங்களுக்கு எட்டாத பொருள். தமிழ், வங்காளத் துண்டுப்பிரசுரங்களைக் கையால் எழுதித்தான் அச்சுப் பிளேட் போடுவார்கள். என் கையெழுத்து அழகாக இருந்ததால் வேலை கிடைத்தது. என் தமிழைச் சோதிக்க பிரெண்டாவுக்குத் தமிழ் தெரியாது.

பிரெண்டா எங்கள் முதலாளி. ஒரு சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறை, அதுதான் எங்கள் மொழிபெயர்ப்புப் பீரோ. வங்காளத்துக்கு ஹபீப், தமிழுக்கு நான். முதல் நாளே ஒரு கட்டுச் சீட்டுகளை என் முன் வைத்தார். ‘மூலத்தில் உள்ளதை உள்ளபடி மொழிபெயர்த்திருக்கிறேன்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. ஒவ்வொரு வேலையோடும் ஒன்றைச் சைன் பண்ணி ஸ்டேப்பிள் அடிக்க வேண்டும்.

நான் அந்தக் கட்டு முழுவதையும் அன்றே சைன் பண்ணி முடித்துவிட்டேன். பிரெண்டா மகிழ்ந்துபோனார். ஹபீப் மட்டும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

எங்களூரில் நான் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளார்க். சனங்களுக்கு மனு எழுதிக் கொடுத்துக் கை பழகியது. மேலதிகாரி கடுமையாகப் பதில் எழுதினால் அதைச் சனங்களுக்கு மெதுவாக்கிச் சொல்வதும் நான்தான். ‘நிராகரிக்கப்பட்டது’ என்பது என் வாயில் ‘இப்போதைக்கு ஏலாதாம், பிறகு பாப்பினமாம்’ என்று வரும். அதை ஒரு நல்ல குணமென்று நினைத்திருந்தேன். அந்தக் குணத்தையும் சூட்கேசில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

2. ஒரு வரி

சில வருடங்களில் கவுன்சில் தேர்தல் வந்தது. ஒரு கட்சியின் ஏஜென்ட் ஆங்கிலத் துண்டுப்பிரசுரத்தோடு வந்தார். வார்டில் பேசும் மொழிகளிலெல்லாம் பிரசுரம் போக வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவாம். அதில் பெரிய எழுத்தில் ஒரு வரி: ‘எங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கே முதலில் வீடு.’

ஹபீப் வாசித்துவிட்டுப் பேனாவை மூடினான்.

“இதை நான் எழுதமாட்டன்.”

“ஏன்? ஒரு கெட்ட வார்த்தையும் இல்லையே?” என்றார் பிரெண்டா.

“கெட்ட வார்த்தை இருந்தால் எழுதியிருப்பன். ஆர் இந்தச் சொந்தப் பிள்ளையள்? என்ரை பிள்ளையளோ? அவையள் இந்த ஆஸ்பத்திரியிலைதான் பிறந்தவை. போய் ஏஜென்டைக் கேள்.”

பிரெண்டா கேட்கவில்லை. வங்காளப் பிரசுரம் வெளிவரவில்லை.

எனக்கும் அந்த வரி சுட்டது. ஆனால் கிளார்க் புத்தி வேலை செய்தது. இதை அப்படியே கொடுத்தால் எங்கள் சனம் என்ன பாடுபடும் என்று இரக்கப்பட்டேன். ‘முதலில்’ என்பதை விட்டேன். ‘அனைவருக்கும்’ என்பதைச் சேர்த்தேன். ‘இந்த மண்ணில் வாழும் எங்கள் பிள்ளைகள் அனைவருக்கும் வீடு’ என்று முத்து முத்தாக எழுதினேன். கசப்பு மருந்துக்குச் சீனி போட்டாயிற்று. சீட்டுத்தான் ஏற்கெனவே சைன் பண்ணி இருந்ததே, ஸ்டேப்பிள் அடித்தேன்.

“உன்ரை ஆக்களுக்கு நல்ல பாயாசம்,” என்றான் ஹபீப். அவனுக்குத் தமிழ் தெரியாது. என் முகத்தை வாசித்திருக்கிறான்.

3. றெஜினா அக்கா

எங்கள் பீரோவைக் காலையில் கூட்டித் துடைப்பவர் றெஜினா அக்கா. மன்னார்க்காரி. புருஷனும் மூன்று பிள்ளைகளுமாக, வீடற்றவர்களைக் கவுன்சில் தங்கவைக்கும் ஒரு ஹோட்டலில் ஒற்றை அறை. அறையில் சமைக்கத் தடை. ரைஸ் குக்கரை அலுமாரிக்குள் ஒளித்து வைத்துச் சோறு ஆக்குவார். பிள்ளைகளின் பள்ளிச் சட்டையில் எப்போதும் மீன் குழம்பு மணக்கும். வகுப்பில் மூத்தவளுக்குப் பக்கத்தில் ஒருவரும் இருப்பதில்லை. கவுன்சில் பிளாட்டுக்கான வரிசையில் அவர்கள் கிட்டத்தட்ட முன்னுக்கு வந்திருந்தார்கள்.

என் மேசையில் காய்ந்துகொண்டிருந்த பிரசுரத்தை அக்கா நின்று வாசித்தார்.

“தம்பி, இது உங்கட எழுத்தெல்லோ? இவையள் வெண்டால் எங்களுக்கு வீடு கெதியாக் கிடைக்குமோ?”

“எழுதியிருக்கிறபடி பாத்தால் அப்பிடித்தான் அக்கா,” என்றேன். எழுதியவனே நான்தான் என்பது அந்த நேரம் எனக்கு நினைவில் இல்லை. என் எழுத்தை ஒருவர் பாராட்டினால் எனக்கு எதுவும் நினைவில் இருப்பதில்லை.

அச்சாகி வந்ததும் அக்கா ஒரு கட்டுப் பிரசுரத்தைக் கொண்டுபோய், ஹோட்டலில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கும், ஞாயிறு பூசை முடிந்து வந்தவர்களுக்கும் கொடுத்தார். கொமன்வெல்த் நாட்டுக்காரர் என்பதால் எங்களுக்கு இங்கே வோட் உண்டு. எல்லோரும் போட்டார்கள். கட்சி வென்றது.

வென்றவர்கள் சொன்னதைச் செய்தார்கள், அதாவது ஆங்கிலத்தில் சொன்னதை. பெற்றோரும் இதே வட்டாரத்தில் வாழ்ந்திருந்தால் வரிசையில் முன்னுக்கு என்று விதி வந்தது. அக்காவின் பெற்றோர் மன்னாரில். கவுன்சில் கடிதத்தை அக்கா என்னிடம்தான் கொண்டுவந்தார். அவர்கள் பெயர் வரிசையின் அடிக்குப் போய்விட்டதாக அதில் இருந்தது.

“என்னவாம் தம்பி?”

“கொஞ்சம் சுணங்குமாம் அக்கா.”

4. விசாரணை

சில மாதத்தில் புகார் எழுந்தது. அந்த ஆங்கில வரி சங்கேதப் பேச்சு, ‘வெள்ளையருக்கே முதலில்’ என்பதைத்தான் நாகரிகமாகச் சொல்கிறது என்று வட்டாரத்து மக்கள் சிலர் கட்சித் தலைமைக்கு எழுதினார்கள். ஹபீப் அதில் ஒருவன். பிழை என்று முடிவானால் விதியைத் தலைமை கைவிடச் சொல்லும் என்றார்கள். ஹபீப் றெஜினா அக்காவைச் சாட்சியாகக் கூட்டிவந்தான். எனக்கும் அழைப்பு வந்தது. என்னை அழைத்தவர் ஏஜென்ட்.

டவுன் ஹாலில் ஒரு அறை. ஏஜென்ட் எழுந்து என் பிரசுரத்தைத் தூக்கிப் பிடித்தார்.

“தமிழருக்கு எதிராகப் பேசிறவன் அவையின்ரை பாஷையிலையே அச்சடிச்சு அவையின்ரை கையிலை குடுப்பானோ? அவையளே எங்களுக்கு வோட் போட்டவை.”

விம்பிள்டனிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெரியவர் என் பிரசுரத்தைத் திரும்ப ஆங்கிலமாக்கி வாசித்தார். ‘அனைவருக்கும் வீடு’ என்று அறை முழுவதும் ஒலித்தது. விசாரணைக்குத் தலைவராக இருந்த முதியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இது உள்ளபடி மொழிபெயர்ப்புத்தானே?” என்று என்னைக் கேட்டார். கையில் என் சீட்டு.

முன்வரிசையில் அக்கா. என் வாழ்க்கையில் ஒரு முறை உண்மை பேசுவோம் என்று தீர்மானித்தேன். அதற்கு நான் தேர்ந்தெடுத்த நேரத்தைப் பாருங்கள்.

“இல்லை ஐயா. ‘முதலில்’ எண்டதை விட்டிட்டன். ‘அனைவருக்கும்’ எண்டு சேத்தது நான்.”

“ஏன்?”

“ஆங்கிலம் அடிச்ச மாதிரி இருந்தது.”

“எந்தச் சொல் அடிச்சது? காட்டும்.”

பார்த்தேன். ‘எங்கள்’ நல்ல சொல். ‘சொந்தம்’ நல்ல சொல். பிள்ளை, வீடு, முதல், எல்லாம் பூப்போலச் சொற்கள்.

“தனியா ஒண்டும் இல்லை ஐயா. சேந்து நிக்கேக்கைதான்...”

“பிழையெண்டு விளங்கினபடியால்தானே மாத்தினீர்? விளங்கினால் ஏன் சைன் வைச்சீர்?”

முதல் நாளே வைத்த சைன் என்று வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். எல்லோரையும் சிரிக்கவைப்பது என் பழக்கம், ஆனால் அன்றைக்கு ஏலவில்லை.

முடிவு தபாலில் வந்தது. ஆங்கில வரியில் ஆட்சேபத்துக்குரிய சொல் எதுவும் இல்லை. தமிழ்ப் பிரதி நம்பத்தகாதது, அதை எழுதியவரும் அப்படியே, ஆகவே வரி அடித்தது என்ற அவர் சாட்சியும் எடுபடாது. புகார் நிரூபிக்கப்படவில்லை. விதி நின்றது.

5. பிறகு

பிரெண்டா என்னை வேலையிலிருந்து நிற்பாட்டவில்லை. தமிழுக்கு வேறு ஆள் இல்லை.

விசாரணை நாளன்று படிக்கட்டில் அக்கா என்னோடு பேசியது ஒரே வரி. “கட்சி எனக்கெங்கை தெரியும் தம்பி, நான் உங்கட எழுத்தைப் பாத்தெல்லோ போட்டனான்.” கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இளம் ஆட்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு வரி உங்களைச் சுட்டால், வாசிப்பவரையும் அது சுட வேண்டும். சுடட்டும். இல்லையென்றால் ஹபீப்பைப்போலப் பேனாவை மூடுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெத்தை இருக்கிறது, அதில் நான் பல வருடம் சுகமாகப் படுத்திருந்தேன்.

அக்கா அந்த ஹோட்டல் அறையில் இன்னும் மூன்று வருடம் இருந்தார். எங்கள் பீரோவைத் தொடர்ந்து துடைத்தார், என் மேசையையும்தான், ஒரு குறையும் வைக்காமல். கவுன்சில் கடிதம் வந்தால் மட்டும், தமிழ் தெரிந்த என்னைத் தாண்டி, தமிழ் தெரியாத ஹபீப்பிடம் கொண்டுபோவார். அவன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அவருக்கு விளங்கும் சில்லறைச் சொற்களில், மெதுவாகச் சொல்வான்.

“நோ ஹவுஸ், சிஸ்டர். திஸ் இயர் நோ.”

“ஓகே,” என்பார் அக்கா. கடிதத்தை மடித்து ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டு வாளியைத் தூக்குவார்.