கோல்கீப்பருக்குப் பிணை

போன வருசம் மாசி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. உடையார்கட்டுப் பக்கம் ஒரு கிரவல் ஒழுங்கையில் என் அடையாள அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றேன். அதை யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில், சோதனைச் சாவடிகளோடு வளர்ந்த என் வயதுக்காரருக்குப் பயம் பிடித்தால் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய் அட்டையை எடுத்துவிடும். மூளை ஆறுதலாகப் பிறகு வந்து சேரும்.

ஏன் அங்கே போனேன் என்று சொல்லவேண்டும். வவுனியாவில் ஒரு சிறிய கல்லூரியில் விளையாட்டுச் சாமான்களுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். பந்துக்குக் காற்றடிப்பது, வலை கட்டுவது, தோற்றால் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது, இவ்வளவுதான் என் உத்தியோகம். அங்கே ஒரு பெண்கள் உதைபந்தாட்ட அணி இருக்கிறது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளில் நன்றாக விளையாடுகிறவர்களை வருசா வருசம் தேடிப் போய்ச் சேர்ப்போம். இப்படி வந்தவர்களின் கதைகளைச் சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன். தேர்வுக்கு ஆட்டுக்குட்டியோடு வந்தாள் ஒருத்தி. வீட்டில் விட்டால் நரி கொண்டுபோய்விடுமாம். தகப்பனின் பழைய மீன்வலையைக் கோல் வலையாகக் கட்டிப் பழகியவள் பூநகரிக்காரி ஒருத்தி. அவர்களை நினைத்தால் சிரிப்பு வரும். இந்த உடையார்கட்டுப் பிள்ளையை நினைத்தால் மட்டும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

பாடசாலைப் போட்டி ஒன்றில்தான் அவளைக் கண்டோம். வெறுங்காலோடு நின்ற கோல்கீப்பர். நல்ல உயரம். பந்து முகத்தில் பட்டு மூக்கால் இரத்தம் வந்தபோதும் பந்தை விடவில்லை. எங்கள் அணியின் பயிற்சியாளர் ஒரு இளம் ரீச்சர். அவர் என் பக்கம் திரும்பி, “அண்ணை, இவள் எனக்கு வேணும்” என்றார். அணிக்குத் தெரிவானால் படிப்பும் விடுதியும் இலவசம். தேர்வு அந்தச் சனிக்கிழமை கிளிநொச்சியில். அன்றைக்கு வராதவருக்கு அந்த வருசம் இடமில்லை. சந்தியில் வந்து நிற்பதாகப் பிள்ளை சொல்லியிருந்தாள். போய்ப் பார்த்தால் ஆளைக் காணோம், போனும் வேலை செய்யவில்லை. சரி, வீட்டைத் தேடிப் போவோம் என்று உள்ளே திரும்பினோம்.

இனித்தான் என் கெட்டித்தனம். அன்று வாடகைக்குக் கிடைத்தது ஒரு வெள்ளை வான். கண்ணாடி எல்லாம் கறுப்பு. முன் இருக்கையில் நான். வெயிலுக்காக என் முகத்திலும் ஒரு கறுப்புக் கண்ணாடி. ஒழுங்கைமுனைக் கடையில் இறங்கி, சீனி நிறுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் மிக மரியாதையாகக் கேட்டேன்:

“இஞ்ச உயரமான ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்குதாம். எந்த வீடு? கொண்டுபோய்ச் சேர்க்க வந்தனாங்கள்.”

அவரின் கை அப்படியே நின்றுவிட்டது. “அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை” என்றார், என்னைப் பார்க்காமல்.

ஒழுங்கையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் காணவில்லை. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. எனக்கு அப்போதும் விளங்கவில்லை. சனங்கள் வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வேலிகளுக்குள்ளால் ஆட்கள் வந்தார்கள். ஒருவர் கையில் மண்வெட்டி. ஒரு அக்காவின் கையில் விறகுக்கட்டை. மாங்காய் பறிக்கிற கொக்கத்தடியோடு ஒரு மெலிந்த ஐயா. அந்தத் தடியின் நுனிக் கத்தி சரியாக என் மூக்குக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது.

“ஆர் உங்களை அனுப்பினது? எந்தப் பகுதி?”

“விளையாட்டுப் பகுதி” என்றேன். சத்தியமாகப் பகிடிக்குச் சொல்லவில்லை. அப்போதுதான் கை அட்டையைத் தூக்கியது. ஓடலாம் என்று பார்த்தால் வானின் சாரதி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இருக்கையின் கீழே எதையோ தேடிக்கொண்டிருந்தான். கடைசி வரைக்கும் அது என்ன பொருள் என்று அவன் சொல்லவில்லை.

ரீச்சர் கையில் பந்தோடு இறங்கி வந்ததால் நான் தப்பினேன். பந்தைக் கண்டதும் கொக்கத்தடி கொஞ்சம் தாழ்ந்தது. ரீச்சர் விசயத்தைச் சொல்ல, பக்கத்துப் படலை திறந்து ஒரு பெண் வந்தார். அவரின் பின்னால் தோளில் பையோடு அந்தப் பிள்ளை. எல்லாம் அடுக்கி வைத்துவிட்டு, தாயிடம் சொல்லப் பயந்து காலையிலிருந்து குசினிக்குள்ளேயே நின்றிருக்கிறாள்.

தாய் எங்களைப் பார்க்கவில்லை, வானைத்தான் பார்த்தார். அவரை ஆறுதற்படுத்த எனக்குத் தெரிந்த நல்ல வசனத்தைச் சொன்னேன்: “பயப்பிடாதேங்கோ தங்கச்சி. பின்னேரம் கொண்டுவந்து விடுவம்.”

“என்ர தமையனைக் கூட்டிக்கொண்டு போனவையும் இதைத்தான் சொன்னவை,” என்றார் அவர். சத்தம் போடவில்லை. “அவனுக்கும் அப்ப இந்த வயசுதான்.”

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தேன். யுத்தகாலத்தில் வான்களில் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனதை எப்படி மறந்தேன்? அந்த வயதில் என்னையும் வீட்டுக்காரர் நெல்மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தவர்கள்தானே. வெளியே பிள்ளை பிடிக்க வந்த ஆட்கள் கதைத்துக்கொண்டு நிற்க, உள்ளே எனக்கு நெல்தூசியில் தும்மல் முட்டியது. பிறகு அதைப் பகிடியாக்கி எத்தனை கலியாண வீடுகளில் சொல்லியிருப்பேன். அப்படிப்பட்டவன் கறுப்புக் கண்ணாடியோடு வந்து நின்று, பிள்ளையைக் கேட்கிறேன்.

“அம்மா, இண்டைக்கு விட்டால் பிறகு இல்லை” என்றாள் பிள்ளை.

தாய் வானையும் பிள்ளையின் தோளில் தொங்கிய பையையும் பார்த்தார். பிறகு என்னை நோக்கிக் கையை நீட்டினார். “அப்ப இவர் இஞ்ச இருக்கட்டும். பிள்ளை வந்தாப் பிறகு போகட்டும்.”

நான் சிரித்தேன். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. ரீச்சராவது மறுப்பார் என்று பார்த்தால், “ஓம் அக்கா, வைச்சிருங்கோ. பந்துக்குக் காத்தடிக்க வேற ஆளைப் பிடிக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் பிள்ளையோடு வானில் ஏறிவிட்டார்.

இப்படித்தான் நான் பிணை ஆனேன். முற்றத்து மாமரத்தடியில் ஒரு கதிரை போட்டார்கள். பிறந்த குழந்தையைப் பார்க்க வருவதுபோல அயலட்டை முழுக்க என்னைப் பார்க்க வந்தது. விறகுக்கட்டை அக்கா கேட்டார்: “ஆள் ஓடிப்போடாதோ?”

“இந்த வண்டியைத் தூக்கிக்கொண்டு எங்க ஓடுறது” என்றார் தாய், என் வயிற்றைப் பார்த்து. கொக்கத்தடி ஐயா எனக்கு எதிரே குந்தியிருந்து காவல் காத்தார். மத்தியானம் சோறும் கீரையும் வந்தன. வேண்டாம் என்றேன். “பிணைக்கு இருக்கிறவரும் சாப்பிடத்தானே வேணும்” என்று தாய் தட்டை மடியில் வைத்துவிட்டுப் போனார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவ்வளவு நேரமும் நான் பகிடிதான் விட்டுக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் வந்தது. வான் வரவில்லை.

ரீச்சருக்குப் போன் எடுத்தேன். தொடர்பு கொள்ள முடியாது என்று ஒரு பெண் மூன்று மொழிகளிலும் சொன்னார். திரும்ப எடுத்தேன், அதே பெண். சாரதியின் நம்பர் என்னிடம் இல்லை. வெயில் இறங்க இறங்க என் தலைக்குள் பரந்தன் வீதி முழுவதும் ஓடத் தொடங்கியது. மணல் ஏற்றிய ரிப்பர் லொறிகள். வீதியில் படுக்கிற மாடுகள். காலையில் பயத்தில் இருக்கைக்குக் கீழே போன அந்தச் சாரதி. கதிரையில் இருக்க முடியவில்லை. படலைக்கும் மாமரத்துக்கும் நடந்தேன். அடிப்பார்கள் என்ற பயம் எப்போதோ போய்விட்டது. அடித்தால்கூட நல்லது போல இருந்தது.

தாய் மட்டும் அசையவில்லை. படலையடியில் இருந்து ஒழுங்கைமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. “வந்திருங்கோ அண்ணை. நடந்தா வான் கெதியா வராது” என்றார். பக்கத்தில் போய் இருந்தேன். “எங்கட அம்மாவும் இதிலதான் இருந்தவா” என்றார் கொஞ்சம் பொறுத்து. எத்தனை காலம் இருந்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நெல்மூட்டைக்குப் பின்னால் இருந்தவனின் பயம் எனக்குத் தெரியும். அதற்கு உடம்பு வியர்க்கும், தும்மல் வரும், பிறகு அது பகிடியாகும். அன்றைக்கு என் அம்மா வாசலில் இருந்து பட்ட பயத்தை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அது பகிடியாகாத பயம் என்று அந்தப் படலையடியில்தான் அறிந்தேன்.

இருட்டிக்கொண்டு வருகிற மைமல் பொழுதில் ஒழுங்கைமுனையில் ஒரு வெளிச்சம் திரும்பியது. அந்த வெள்ளை வான்தான். காலையில் ஊரையே நடுங்க வைத்த வானைக் கண்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளை குதித்து இறங்கினாள். முழங்கால் உரஞ்சுப்பட்டு, உடம்பெல்லாம் புழுதி. “அம்மா, பசிக்குது” என்பதுதான் அவளின் முதல் சொல். தெரிவாகிவிட்டதை ரீச்சர்தான் சொன்னார். பூநகரிப் பிள்ளை ஒருத்திக்குப் பஸ் இல்லையென்று அவளை வீட்டில் இறக்கிவிட்டு வந்தார்களாம். அவ்வளவு தூரம் போய்வர இருட்டிவிட்டது, போனில் சார்ஜும் இல்லை. அவ்வளவுதான் நடந்தது.

தாய் பிள்ளையைக் கட்டிப்பிடிக்கவில்லை. காற்சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறாய் என்று ஏசினார். ஏசிக்கொண்டே அவளின் கையைப் பிடித்தவர் விடவில்லை. பிறகு என்னிடம், “அண்ணை, இனி நீங்கள் போகலாம்” என்றார். போகத்தான் நினைத்தேன். எழும்ப முடியவில்லை, கால் இரண்டும் விறைத்துப் போயிருந்தன. கொக்கத்தடி ஐயாதான் கமக்கட்டுக்குள் கையைக் கொடுத்துத் தூக்கி, வான்வரை கொண்டுவந்து ஏற்றினார்.

இப்போது அவள்தான் எங்கள் கோல்கீப்பர். எங்கள் அணியில் ஒரு புது வழக்கமும் வந்துவிட்டது. எந்த வீட்டுக்குப் பிள்ளை கேட்டுப் போனாலும், தாய் கேட்கமுன்னமே நான் முற்றத்தில் இறங்கி ஒரு கதிரை கேட்பேன். என் சாப்பாட்டு ஆசை என்று ரீச்சர் நக்கல் அடிப்பார், அடிக்கட்டும். “பின்னேரம் கொண்டுவந்து விடுவம்” என்ற வசனத்தை இன்றைக்கும் சொல்கிறேன். சொல்லி முடித்ததும், பிள்ளை திரும்பி வரும்வரை, நானும் அந்தத் தாயோடு படலையடியில் இருக்கிறேன்.