மேட்டு மண்ணில் பதினோரு மரங்கள்

காட்டு ஆராய்ச்சி நிலையத்தில் அவளை எல்லோரும் மண்ணக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இரும்புக் குழாயைத் தரையில் இறக்கி, முழங்கை ஆழத்து மண்ணை எடுத்து, பையில் கட்டி எண் போடுவது அவள் வேலை. பதினாறு வருஷத்தில் மரத்தை அண்ணாந்து பார்க்கும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. மண்ணை விரலில் நசுக்கினாலே மேலே என்ன நிற்கிறது என்று சொல்லிவிடுவாள்.

மழைக்காலத்தில் நிலையத்துக் கொட்டகை ஒழுகும். அதனால் மண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்தில் செய்தித்தாள் விரித்துக் காயவைப்பாள். லாரி ஓட்டும் அவள் கணவனுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பைகளில் ஒட்டும் எண் சீட்டை அவன்தான் எழுதித் தருவான். அவள் வேலையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த வருஷ மழைக்காலத்தில் அவன் கேட்டான்.

“இது ஏன் சர்க்கரை மாதிரி உதிருது?”

“மேட்டு மண்ணுங்க. சத்தே கிடையாது. ஓடையோரக் களிமண்ணுல மரம் மளமளன்னு வளரும், ஆனா கட்டை மெத்துனு இருக்கும். இந்தப் பட்டினியைத் தாங்கி நிக்கிறது கருங்கட்டை மரம் ஒண்ணுதான். மெதுவா வளர்றதால இரும்பு கணக்கா இருக்கும்.”

தினமும் ஒரு கேள்வி. எந்த எண் எந்த மேடு, அங்கே எப்படிப் போவது. அவள் சீட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் காட்டினாள். அந்த நாட்களில் அவள் பாட்டு முணுமுணுத்தபடி சமைத்தாள்.

மழை விட்டதும் காட்டுக்குள் போனவர்கள் யாரோ வெட்டிப்போன பதினோரு மரங்களின் அடிக்கட்டைகளைப் பார்த்தார்கள். பதினொன்றும் கருங்கட்டை. வேறு மரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும், மண் எடுத்த இடத்துக்கு அடையாளமாக அவள் நட்ட சிவப்புக் குச்சி நின்றது.

“அக்கா, இந்த இடமெல்லாம் உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?” என்றார் அதிகாரி.

அவளுக்கு அங்கேயே புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தபோது அவன் வாசலில் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தான். சக்கர இடுக்கிலிருந்து வெளிறிய மேட்டு மண் கரைந்து ஓடியது.

“நீதானே எல்லாம் சொன்னே?” என்றான்.

“உங்ககிட்டதானேங்க சொன்னேன்.”

மறுநாள் காலை அதிகாரியிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். மரம் அறுக்கும் ஆலையில் கட்டைகள் அகப்பட்டன. அவனுக்கு எட்டு மாதம் சிறை.

நாத்தனார் வந்து குதித்தாள். “கட்டினவனையே காட்டிக்கொடுத்துட்டியே.”

“யாரு முதல்ல காட்டிக்கொடுத்தாங்கன்னு உங்க தம்பியைக் கேளுங்க.”

நிலையத்தில் அவளை யாரும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் வரைபட அலமாரிக்குப் புதுப் பூட்டு வந்தது. அவளைச் சோதனைச்சாலையில் கண்ணாடிக் குடுவை கழுவ மாற்றினார்கள். பதினாறு வருஷம் நடந்த காடு. ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவோம் என்று பயம்.

சிறையிலிருந்து வந்தவன் கதவருகே நின்றான். அவன் துணிமணிகளைக் கட்டிவைத்திருந்த பையை அவள் எடுத்துவந்தாள்.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த மழைக்காலத்துல ஒரு நாளாவது சும்மா கேட்டீங்களா?”

அவன் அந்தப் பையைப் பார்த்தான்.

“முதல் நாள் சும்மாதான் கேட்டேன்.”

அவள் தலையசைத்தாள். பையை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.