மகுடேஸ்வரனின் இடது கை

கட்டிங் மாஸ்டர் மகுடேஸ்வரனுக்கு வாய் கொஞ்சம் அதிகம்; கோபம் அதைவிட அதிகம். ஆனால் வேலை சுத்தம். பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில், நூறு அடுக்குத் துணியை ஒரே ஓட்டத்தில் கழுத்து வளைவு பிசகாமல் வெட்ட அவனை விட்டால் ஆள் கிடையாது. வலது கை கட்டிங் மெஷினைத் தள்ளும். இடது கை துணியை அமுக்கிக்கொண்டு, கத்திக்கு நாலு விரற்கடை முன்னால் போய்க்கொண்டே இருக்கும். அந்தக் கைக்கு இரும்பு வளையங்களால் பின்னிய கையுறை உண்டு. அது இல்லாவிட்டால் கத்திக்குத் துணியும் விரலும் ஒன்றுதான்.

கட்டிங் மேசைக்கு ஒரு டேப்லெட் வந்தபோதுதான் வம்பு ஆரம்பித்தது. ஒவ்வொரு பாகத்தையும் வெட்டியதும் திரையைத் தொட்டுக் குறிக்க வேண்டுமாம். அதை மாட்டியிருந்தது இடது கைப் பக்கம்; வலது கைக்கு எட்டாது. இரும்புக் கையுறை பட்டால் திரை கீறிவிடும். ஆகவே கையுறையைக் கழற்றித் தொடுவார்கள். அவசரத்தில் திரும்ப மாட்ட மறந்துபோவார்கள். இப்படி ஒரு ஏற்பாட்டை யோசித்த மகாபுத்திசாலி ஒரு நாளாவது கத்தி பிடித்திருப்பானா? மகுடேஸ்வரன் தன் காசில் ஒரு டச் பேனா வாங்கி வந்தான். கையுறையைக் கழற்றாமலே அதைப் பிடித்துத் திரையைத் தொடலாம்.

விரித்த பனியன் துணியை உடனே வெட்ட முடியாது. இழுபட்டது சுருங்கி அடங்க, சில மணி நேரம் ஆறப்போட வேண்டும். அந்த நேரத்துக்கு டேப்லெட்டில் ஒரு வாள்சண்டை விளையாட்டு கிடைத்தது. எதிரே ஆடுவது இன்னொரு கட்டரான குமரன், தென்காசிப் பக்கத்துப் பையன், இருபத்தைந்து வயது. அவன் விரலால் தேய்ப்பான். மகுடேஸ்வரன் பேனாவால் கீறுவான். பேனா போன வழியில் வாள் போகும். தோள் பிளக்கும், தலை உருளும், திரையெல்லாம் சிவப்பாகும். அந்தச் சிவப்பில் அவனுக்கு அப்படி ஒரு குஷி!

ஒரு நாள் ஏழு ஆட்டம்; ஏழிலும் உருண்டது குமரன் தலைதான். செக்கிங் பெண்கள் வரைக்கும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்பு ஏற ஏற மகுடேஸ்வரனுக்கு நாக்கு நீண்டது.

"ஏன்டா, உங்கப்பனாட்டமே கழுத்த நீட்டிக்கிட்டு நிக்கற?"

குமரனின் அப்பாவை வாய்க்கால் தகராறில் அரிவாளால் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு நாள் டீக்கடையில் குமரனே அழுதுகொண்டு சொன்னது அது. தெரிந்தேதான் மகுடேஸ்வரன் சொன்னான்.

குமரன் முதலில் பேனாவைப் பிடுங்கி முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தான். பிறகு மகுடேஸ்வரனின் வாயில் குத்தினான். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வடிந்தது. இரண்டு பேரும் மேசைக்கடியில் கட்டிப் புரண்டார்கள். மேனேஜர் வந்துதான் பிரித்து விட்டார்.

"எங்கய்யாவ இழுத்தா கொன்னுபோடுவேன், பாத்துக்கிடுங்க!" என்று கத்திக்கொண்டே போனான் குமரன்.

மறுநாள் அவசர ஆர்டர்; குமரனும் வேலைக்கு வந்திருந்தான். பேனா இல்லை. போய் இன்னொன்று வாங்க மகுடேஸ்வரனுக்கு வீம்பு விடவில்லை. உடைத்தவன் வாங்கி வரட்டுமே! கையுறையைக் கழற்றித் திரையைத் தொட்டான், மாட்டினான், வெட்டினான். இப்படி எட்டு முறை. ஒன்பதாவது முறை மாட்டவில்லை. வீங்கிய உதட்டை நாக்கால் தடவியபடி, குமரனை எப்படி மடக்கலாம் என்று யோசித்துக்கொண்டே மெஷினைத் தள்ளினான்.

முதலில் வலிக்கவேயில்லை. வெள்ளைத் துணியில் ரத்தம் அடுக்கடுக்காக இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் அலறினான். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போயிருந்தன. சுவிட்சை அணைத்தது குமரன். வெட்டிய துண்டுகளுக்குள் கையை விட்டுத் துழாவி, இரண்டு விரலையும் எடுத்துச் சுத்தமான துணியில் சுற்றி, பாலிதீன் பையில் கட்டி, ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி அதற்குள் வைத்துக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி வரைக்கும் மடியில் பிடித்துக்கொண்டு வந்ததும் அவன்தான். ஆட்காட்டி விரலை ஒட்டினார்கள். நடுவிரல் நசுங்கிவிட்டதாம்.

ஐந்தாம் நாள் காலை தூங்கி விழித்தபோது கட்டில் பக்கத்தில் குமரன் நின்றிருந்தான். பார்த்ததும் மகுடேஸ்வரனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"உன்னாலதான்டா போச்சு! இனி நான் எந்தக் கையில துணியப் புடிப்பேன்?"

எழுந்த வேகத்தில், கட்டுப் போட்ட அந்தக் கையாலேயே அவன் முகத்தில் ஓங்கி அறைந்தான். தையல் விட்டது. கட்டு நனைந்து, ரத்தம் முழங்கை வழியாகப் படுக்கையில் கொட்டியது. குமரன் பாய்ந்து அவன் மணிக்கட்டைத் தலைக்கு மேலே தூக்கி இறுக்கிப் பிடித்தான்.

"சிஸ்டர்! சிஸ்டர், ஓடி வாங்க!"

"விடுடா நாயே, கைய விடு!" என்று இழுத்தான் மகுடேஸ்வரன். காலால் உதைத்தான். குமரன் விடவில்லை. மூக்கிலிருந்து அவனுக்கும் ரத்தம் ஒழுகியது.

"அண்ணே, எவ்வளவு வேணாலும் பொறவு அடிங்க. இப்ப ஆட்டாதீங்க. எங்கய்யா ஒரு மணி நேரம் வரப்புல கெடந்தாரு. இப்படிப் பிடிச்சுக்கிட ஒரு ஆளு இல்ல. ரத்தம் போயித்தான் செத்தாரு."

மகுடேஸ்வரன் அதற்கப்புறம் கையை இழுக்கவில்லை.